முழங்கை நகரக் கூடாது

உலகத்தில் இதுவரை நடந்த, இனி நடக்கப்போகிற எல்லா மோசடிகளும் டம்பெல் தூக்கும்போது முழங்கை முன்னால் நகர்வதில்தான் தொடங்குகின்றன. சாம்ராஜ்யங்கள் சரிந்தது, வங்கிகள் திவாலானது, உயிராய்ப் பழகியவர்கள் கைகழுவிவிட்டுப் போனது எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்தால் அடியில் இதுதான் இருக்கும். யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு கண்ணாடி முன்னால் நின்று, கையால் தூக்க முடியாததை இடுப்பை ஆட்டித் தூக்கிவிட்டு, கைதான் தூக்கியது என்று நம்பியிருப்பார்.

இது புரொபசரின் கோட்பாடு. புரொபசர் எங்கும் பாடம் நடத்தவில்லை. வணிகவியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான், அதுவும் சுமாராக. அந்தப் பட்டத்தை அவனுக்குக் கொடுத்தது ஜிம். டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஜிம்மில் ரப்பர் வாசனை கீழிருந்து வருகிறதா, தரையில் விரித்த பாயிலிருந்து வருகிறதா என்று யாருக்கும் தெரியாது. சுவர் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடி முழுக்க ஆண்கள். ஆண்களுக்கு நடுவே கைகட்டி நின்று, யார் டம்பெல் எடுத்தாலும் “முழங்கை!” என்று கத்துவது புரொபசரின் வேலை. யாரும் அவனுக்குக் கொடுக்காத வேலை என்பதால் அதை அவன் மிகுந்த பொறுப்போடு செய்தான்.

அவன் பாடம் எளிது. கால்கள் தோளகலம். முட்டி லேசாகத் தளர்வு. முழங்கை விலாவோடு ஒட்டி, ஆணி அடித்து வைத்தது போல. உள்ளங்கை முன்னால் பார்க்க, மணிக்கட்டு மடங்காமல். மூச்சை விட்டுக்கொண்டே தூக்கு. மேலே ஒரு கணம் நிறுத்து. தூக்கியதைவிட மெதுவாக இறக்கு.

“ஏத்துறதுல பாதிதான் புண்ணியம். எறக்குறதுலதான் மீதி” என்பான்.

இவ்வளவும் தெரிந்த புரொபசரின் கை எப்படி இருந்தது என்று கேட்பது நாகரிகமில்லை. அவனுக்கு முழுக்கைச் சட்டை நன்றாகப் பொருந்தும் என்று மட்டும் சொல்லலாம்.

அவனுடைய பரம எதிரி மாஸ்டர். ஜிம்முக்குச் சம்பளம் வாங்கும் ஒரே பயிற்சியாளர். மாஸ்டரின் முறையே வேறு. வயிறு முதலில் வந்து ஆள் பிறகு வருகிற துணிக்கடை முதலாளி ஒருவர் மாலையில் வருவார். மாஸ்டர் ஒரு பெரிய டம்பெல்லை எடுத்து அவர் கையில் கொடுப்பார். கொடுத்துவிட்டு அதன் அடியில் தன் இரண்டு விரலை வைப்பார். டம்பெல் பஞ்சு மாதிரி மேலே போகும்.

“நான் சும்மா வெச்சிருக்கேன் சார். எல்லாம் நீங்கதான்!”

“நெஜமாவா மாஸ்டர்?”

“சத்தியமா சார். எல்லாம் நீங்கதான்!”

முதலாளி கண்ணாடியில் தன்னைப் பார்ப்பார். அன்று காலைதான் முடிசூட்டியது போல இருக்கும் அந்தப் பார்வை.

உடை மாற்றும் மூலையில் புரொபசர் தண்ணீர் பாட்டிலை இரண்டு விரலால் ஏந்தி இதை அப்படியே நடித்துக் காட்டுவான். “எல்லாம் நீங்கதான் சார்!” என்று குரலைக் குழைப்பான். பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். “மாஸ்டருக்கு உடம்புல சதை எங்க போட்டிருக்குன்னு பாருங்க. அந்த ரெண்டு விரல்லதான்.”

ஒருநாள் மாஸ்டர் பின்னாலேயே நின்றிருந்தார்.

“சிரிங்கடா, நல்லா சிரிங்க. ஏன் புரொபசரே, நீ ஒருத்தனையாவது சந்தோஷமா வீட்டுக்கு அனுப்பியிருக்கியா?”

“பொய் சொல்லி அனுப்பணுமா மாஸ்டர்?”

“பொய் சொன்னா ஆளு மறுநாள் வருவான். நீ நெஜம் சொன்ன ஆளுங்க எங்க இருக்காங்கன்னு கொஞ்சம் தேடிப் பாரு.”

புரொபசர் தேடவில்லை. உண்மையின் பக்கம் கூட்டம் இருக்காது என்று அவனுக்கு முன்பே தெரியும்.

இந்த நிலையில்தான் அவன் அப்பாவின் கை அறுந்தது.

அப்பா வீட்டுச் சாமான்கள் வைக்கும் ஒரு பெரிய கிடங்கில் லோடு ஆள். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், இரும்பு பீரோ என்று ஆளைவிடக் கனமான எதுவும் அவர் வேலைக்குள் வரும். ஒரு லாரிக்கு அவர்தான் தலைவர். மற்ற ஆட்கள் “அண்ணே” என்பார்கள், முதலாளிகூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஒரு வீட்டு மாடிப்படியில் வாஷிங் மெஷினோடு ஏறும்போது கீழே பிடித்திருந்தவனின் கால் வழுக்கியது. மொத்தப் பாரத்தையும் அப்பா ஒரு கையில் வாங்கினார். கீழே இருந்தவன் தப்பித்தான். மெஷினும் தப்பித்தது. அப்பாவின் வலது கையில், முழங்கைக்குப் பக்கத்தில் தசைநார் மட்டும் தப்பவில்லை. மெஷினில் ஒரு கீறல்கூட விழாததைப் பாராட்டி நிறுவனம் அவருக்குச் சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கொடுத்தது.

அறுந்ததைத் தைத்தார்கள். கட்டுப் போட்டார்கள். கட்டை அவிழ்த்தபோது, உள்ளே போனது ஒரு கை, வெளியே வந்தது வேறொருவருடையது போல இருந்தது.

உடம்புக்கு வந்து விடுப்பில் போனவர்கள் திரும்ப வேலைக்குச் சேர வேண்டுமானால் கம்பெனி டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். கை அடிபட்டவர்களுக்கு அவர் வைக்கும் பரீட்சை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு டம்பெல்லைக் கையில் கொடுத்து, போதும் என்கிற வரைக்கும் மடக்கித் தூக்கச் சொல்வார். தூக்கினால் லாரி. இல்லாவிட்டால் கிடங்கு வாசலில் கேட்டுக் காவல். கேட்டில் ஒரு நாற்காலி, ஒரு தொப்பி, லாரிகளை மறிக்க ஒரு தடுப்புக் கம்பம். அங்கே போனவர்கள் திரும்பி உள்ளே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

சம்பளம் குறைவதைக்கூட அப்பா பொறுத்துக்கொள்வார். “அங்க உக்கார்றவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்கடா. ‘கேட்டு’ன்னுதான் கூப்பிடுவாங்க. ‘கேட்டு, தொற! கேட்டு, மூடு!’ன்னு” என்றார். இதைச் சொல்லும்போது சிரிக்கவும் செய்தார்.

புரொபசருக்கு வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் படிப்பு உதவப்போகிறது என்று தோன்றியது. ஜிம்மிலிருந்து ஒரு சின்ன டம்பெல்லும் ஒரு பெரிய டம்பெல்லும் இரவல் வாங்கி வந்தான். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த சுவரில் அப்பாவைச் சாய்த்து நிறுத்தினான்.

“முதுகு சுவர்ல ஒட்டணும். தூக்குங்கப்பா. முழங்கை!”

“என்னடா?”

“நகருது.”

“என் முழங்கை, என் வீடு. நகர்ந்துட்டுப் போகட்டும்.”

“இடுப்பை ஆட்டாதீங்க. கை மட்டும்தான் தூக்கணும்.”

“வாஷிங் மெஷின்கிட்டப் போயி, ‘கொஞ்சம் இரு, முழங்கையை ஒட்டி வெச்சுக்கறேன்’னு சொல்லிட்டா தூக்குறோம்? மொத்த உடம்பும் சேர்ந்துதான்டா தூக்கும். காலு தூக்கும், இடுப்பு தூக்கும், கோவம் தூக்கும்.”

“அதனாலதான்பா அறுந்துச்சு.”

இது சரியான பதில். சரியான பதில்களின் வழக்கப்படி, அது அன்றைய பயிற்சியை அத்தோடு முடித்துவைத்தது.

நாளாக நாளாகப் பயிற்சி கடுமையானது. அப்பா டீ டம்ளரை எடுத்தாலும் “முழங்கை!”, சட்டை மாட்டினாலும் “முழங்கை!”. அம்மா ஒருநாள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

“ஒரு வாய் டீ குடிக்க விடுறியாடா அவரை? எனக்கு வாச்சது புருஷனா, கிரேனா?”

“பழக்கம் வரணும்மா. நெனைச்சு செய்யக் கூடாது, தானா வரணும்.”

பழக்கம் வந்தது. அப்பாவுக்கு அல்ல, புரொபசருக்கு. பேருந்தில் ஒரு அம்மாள் பையைத் தூக்கி மேலே வைக்கப் போனபோது அவன் வாய் தானாக “முழங்கை!” என்றது. அவர் தன் கை யார் மேலோ பட்டுவிட்டதென்று பயந்து மூன்று பேரிடம் மன்னிப்புக் கேட்டார்.

அப்பாவின் கை சின்ன டம்பெல்லைச் சுத்தமாகத் தூக்கியது. பெரியதைத் தொடப் புரொபசர் விடவில்லை.

“டெஸ்ட்டுல பெருசுதானேடா குடுப்பாங்க?”

“சின்னதுல சுத்தமா வந்தா பெருசு தானா வரும்பா.”

“எப்ப வரும்?”

“வரும்.”

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். “நீ கிண்டல் பண்ணுவியே அந்த மாஸ்டரு, அவரை ஒருநாள் கூட்டிட்டு வாயேன். ரெண்டு விரலு குடுக்கட்டும். மேல போயிட்டு வந்த ஞாபகமாச்சும் கைக்கு இருக்கும்ல.”

“அது ஏமாத்து வேலைப்பா.”

“யாரை ஏமாத்துறோம்?”

“உங்களை.”

“நான் புகார் குடுக்க மாட்டேன்டா.”

புரொபசர் சிரிக்கவில்லை. கோட்பாடு என்று வந்துவிட்டால் அப்பாவும் ஒன்றுதான், துணிக்கடை முதலாளியும் ஒன்றுதான்.

அவன் கல்லூரிக்குப் போன பிறகு வீட்டில் என்ன நடந்தது என்பது அவனுக்குத் தெரியாது. அம்மா ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொள்வாள். அப்பா பெரிய டம்பெல்லை எடுப்பார். இடுப்பை ஒரு தள்ளு தள்ளி, தோளை ஒரு குலுக்குக் குலுக்கித் தூக்குவார். பல வருஷம் மெஷின் தூக்கிய இடுப்பு அது. பார்ப்பவர்கள் கொஞ்சம் கண்ணை வேறு பக்கம் திருப்பினால் போதும், கைதான் தூக்கியது என்று சொல்லிவிடலாம். தெருமுனையில் மகன் தலை தெரிந்தால் அம்மா இருமுவாள். அப்பா டம்பெல்லைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டு நல்ல பிள்ளையாகச் சுவரில் சாய்ந்துகொள்வார்.

பரீட்சை நாள் காலையில் புரொபசரும் கூடப் போனான். அப்பாதான் கூப்பிட்டார். “கூட ஆளு இருந்தா கொஞ்சம் தைரியமா இருக்கும்” என்றார். அந்த வாக்கியத்தை அவர் விதியில் எழுதி வைத்தவர் யாராக இருந்தாலும் நல்ல நகைச்சுவை ரசிகர்.

கம்பெனி டாக்டரின் அறையில் எடை பார்க்கும் கருவி, பச்சைத் திரை, ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் டாக்டர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அவர் கார் கதவுக்கு அடித்த பெயின்ட் மற்ற கதவுகளோடு ஒத்துப்போகவில்லை. போனைக் காதில் வைத்தபடியே கீழே இருந்த டம்பெல்லைக் காட்டினார்.

“எடுத்துத் தூக்குங்க. நான் சொல்ற வரைக்கும். இல்லய்யா, உன்கிட்ட சொல்லல. நீ கதவைப் பத்திச் சொல்லு.”

அப்பா எடுத்தார். கால்கள் தோளகலம். முழங்கை விலாவோடு. முதலில் மேலே போனது பாடப்புத்தகத்தில் படமாகப் போடும்படி இருந்தது. அடுத்ததும் அப்படியே. ஜிம்மே இங்கே வந்து இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று புரொபசர் நினைத்தான்.

பிறகு கை நடுங்கத் தொடங்கியது. அப்பா டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஜன்னல் வழியாகக் கீழே தன் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் இடுப்பு மெல்ல ஒரு தள்ளு தள்ளியது. டம்பெல் மேலே போனது. மறுபடி ஒரு தள்ளு. மறுபடி மேலே. அவர் முகத்தில் கல்லைச் சுமந்து கரை ஏறுகிறவனின் களை வந்தது. டாக்டர் ஜன்னலிலிருந்து பார்வையை எடுக்காமலே, போதும் என்று சொல்ல ஒரு கையை உயர்த்தினார்.

“முழங்கை!”

யார் கத்தியது என்று புரொபசரே ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தான்.

டாக்டர் திரும்பினார். உயர்த்திய கையை இறக்கினார். “அப்புறம் கூப்பிடறேன்” என்று போனை வைத்தார்.

“என்ன சொன்னீங்க தம்பி?”

“ஒன்னுமில்ல சார்.”

“முழங்கைன்னீங்களே?”

“பையனுக்கு அது ஒரு பழக்கம் சார்” என்றார் அப்பா. டம்பெல் இன்னும் கையில் இருந்தது. “தூக்கத்துலகூடச் சொல்லுவான்.”

டாக்டர் எழுந்து வந்தார். அப்பாவைச் சுவரோடு சாய்த்து நிறுத்தினார். அவருடைய முழங்கையைத் தன் கையால் விலாவோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார்.

“இப்பத் தூக்குங்க.”

டம்பெல் புறப்பட்டது. பாதி தூரம்கூடப் போகவில்லை. அங்கேயே நின்று நடுங்கியது. அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. கால் கட்டைவிரல் செருப்பை அழுத்தியது. இடுப்பை ஆட்டத்தான் சுவர் விடவில்லையே. புரொபசர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“போதும், எறக்கிடுங்க.”

அப்பா இறக்கினார். மெதுவாக, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, மணிக்கட்டு மடங்காமல். இறக்கியதில் மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

“நல்ல வேளை தம்பி சொன்னாரு” என்றார் டாக்டர். “இந்தக் கையோட லோடுக்குப் போயிருந்தீங்கன்னா மறுபடி அறுந்திருக்கும். ரெண்டாவது தடவை தைக்கறது கஷ்டம்.” புரொபசரின் தோளில் தட்டினார். “நல்லா கவனிக்கிறீங்க. என்ன, பிசியோவா?”

“பி.காம் சார்.”

“அப்படியா” என்றார் டாக்டர். சொல்லிவிட்டு மறுபடி போனை எடுத்தார்.

பேருந்தில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். புரொபசர் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அப்பா, “டிக்கெட் எடுத்துட்டியா?” என்றார். எடுத்துவிட்டதாகச் சொன்னான். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் சொன்னது உண்மை. அது பொய்யாக இருந்திருந்தால் யாரையாவது திட்டியாவது தொலைத்திருக்கலாம்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றாள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

“கை ஏறல” என்றார் அப்பா.

“ஏறலையா? நேத்துகூட...” என்று தொடங்கியவள் மகனைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு அவன் பக்கமே திரும்பினாள். “இத்தனை நாளா வீட்டை ரெண்டு பண்ணியே, என்னடா சொல்லிக் குடுத்த நீ?”

“அவனை ஏன் கேக்குற? அவன் சரியாத்தான் சொன்னான்.”

அப்பா அந்தச் ‘சரியாத்தான்’ என்ற சொல்லை அழுத்தவும் இல்லை, இழுக்கவும் இல்லை. கொஞ்சம் அழுத்தியிருந்தால் புரொபசர் அன்று சாப்பிட்டிருப்பான்.

அடுத்த வாரம் அப்பா தொப்பி போட்டுக்கொண்டார். தொப்பி ஒரு அளவு பெரியது. முன்பு இருந்தவருக்குத் தைத்தது. தடுப்புக் கம்பத்தின் ஒரு முனையில் கனத்துக்கு இரும்புப் பாளம் கட்டியிருந்தார்கள். அந்த முனையைக் கொஞ்சம் தொட்டால் போதும், நீண்ட கம்பம் தானாக வானத்தைப் பார்க்க எழுந்துவிடும். தசையே தேவையில்லாத வேலை. கல்லூரிக்குப் போகிற வழி அதுதான் என்றாலும் புரொபசர் இரண்டு தெரு சுற்றிப் போகத் தொடங்கினான். ஒருநாள் நேரமாகிவிட்டதால் அந்த வழியே போக வேண்டியதாயிற்று. அப்பாவின் பழைய லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. உள்ளேயிருந்து புதிய பையன் ஒருவன் தலையை நீட்டி, “கேட்டு! தூங்கறியா?” என்றான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அன்று படியில் கால் வழுக்கியவன். அவன் தன் காலணிக் கயிற்றைச் சரிசெய்யக் குனிந்துகொண்டான்.

அப்பா கம்பத்தைத் தொட்டார். அது எழுந்தது.

ஜிம்மில் புரொபசர் பேசுவது குறைந்தது. எதிரிலேயே ஒருவன் உடம்பை வில்லாக வளைத்து டம்பெல்லை வீசி எறிகிற மாதிரித் தூக்குவான். புரொபசர் ஜன்னல் வழியாக டயர்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். “என்ன புரொபசரே, பல்லுவலியா? பாரு, நல்லா ஆட்டுறேன் பாரு” என்று வம்புக்கு இழுத்தார்கள். “நல்லா இருக்கு” என்றான். அது அவர்களுக்கு வசவைவிட மோசமாகப் பட்டது. மாஸ்டர் மட்டும் அவனைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா கடைக்குப் போயிருந்தாள். படுக்கையறைக் கதவு பாதி திறந்திருந்தது. அப்பா பீரோக் கண்ணாடி முன்னால் பனியனோடு நின்றிருந்தார். கையில் பெரிய டம்பெல். எந்த டாக்டரும் பார்க்கப்போவதில்லை, எந்த லாரியும் காத்திருக்கவில்லை. அது அவருக்கும் தெரியும். இருந்தும் கண்ணை இறுக மூடிக்கொண்டு தூக்கினார். இடுப்பு தள்ளியது, தோள் குலுங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து இப்போது இடுப்பும் கைவிட்டிருந்தது. டம்பெல் நடுவழியில் நின்றது. மேலே போகவும் இல்லை, கீழே வரவும் இல்லை. அப்பாவின் வாயிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. வீட்டில் யாரும் இல்லை என்று நினைக்கும்போது மட்டும் வருகிற சத்தம் அது.

புரொபசர் உள்ளே போனான். செருப்பை வாசலிலேயே விட்டிருந்ததால் சத்தம் கேட்கவில்லை. குனிந்து, டம்பெல்லின் அடியில் இரண்டு விரலை வைத்தான்.

அது நகர்ந்தது. அங்குலம் அங்குலமாக மேலே ஏறி, தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அப்பா கண்ணைத் திறக்கவில்லை. மூச்சு வாங்கியது.

“நீயா?”

“ம்.”

“புடிச்சிருக்கியா?”

முழங்கை விலாவை விட்டு ஒரு சாண் முன்னால் வந்திருந்தது. மணிக்கட்டு மடங்கியிருந்தது. முதுகு பின்னால் சாய்ந்திருந்தது. சரியாக இருந்தது என்று சொல்ல அந்த உடம்பில் ஒன்றுகூட இல்லை. புரொபசரின் இரண்டு விரல்களும் கனத்தில் வெளுத்துப் போயிருந்தன.

“சும்மா வெச்சிருக்கேன்பா” என்றான். “எல்லாம் நீங்கதான்.”